50,000 ரூபாயில் கேமிங் கம்ப்யூட்டர்... பனமலை சித்தியோடு ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு நாள்!

"அக்கா, அஞ்சு நிமிஷம் பேசலாமா? ஆபீஸ்ல பிஸியா இல்லியே?"

சித்தி மகன் இவ்வளவு பவ்யமாக ஆரம்பித்தால் விஷயம் பெரியது என்று அர்த்தம். விழுப்புரத்தில் பி.சி.ஏ இரண்டாம் வருஷம் படிக்கிறான். நான் பிளஸ் டூவில் வாங்கிய அரசு லேப்டாப்பை, நான் சென்னைக்கு வந்தபோது அவனிடம்தான் கொடுத்துவிட்டு வந்தேன். அதில் 2002-ல் வெளியான 'ஜிடிஏ வைஸ் சிட்டி'யை ஆடி ஆடி, கீபோர்டில் நான்கு எழுத்துகள் அழிந்தே போயின. போன தீபாவளியோடு அந்த லேப்டாப் நிரந்தரமாகக் கண்ணை மூடிவிட்டது.

"அம்மா சீட்டு எடுத்திருக்காங்க. 30,000. மல்லாட்டை போட்டதுல அப்பா 20,000 தர்றேன்னு சொல்லிட்டாரு. மொத்தம் 50,000. கேமிங் பிசி கட்டணும். லிஸ்ட் ரெடி. நீ அம்மாகிட்ட 'இது நல்ல லிஸ்ட்'னு ஒரு வார்த்த மட்டும் சொல்லிடு."

டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்ப்பதால் எனக்கு கம்ப்யூட்டரின் உள்ளே இருப்பதெல்லாம் தெரியும் என்று எங்கள் குடும்பத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. உண்மையில் எனக்குத் தெரிந்தது ரீஸ்டார்ட் பட்டன் மட்டும்தான். ஆனால், அது சித்தியின் சீட்டுப் பணம். அடுத்த சீட்டு எடுக்க இன்னும் இரண்டு வருஷம் ஆகும். தப்பான பார்ட்ஸ் வாங்கிவிட்டால் மாற்றுவதற்குக் காசு இல்லை. அதனால் 'ஒரு வார்த்தை' சொல்வதற்கு முன், பத்து நாள் படித்தேன், கேட்டேன், கடைகளுக்கு அலைந்தேன். அதில் தெரிந்துகொண்டதுதான் இந்தக் கட்டுரை.

பனமலை தெரியாதவர்களுக்கு: விழுப்புரம் மாவட்டத்து ஊர். ஏரிக்கரை, ஒரு சின்ன மலை, அதன் மேல் பல்லவ மன்னன் ராஜசிம்மன் கட்டிய தாளகிரீஸ்வரர் கோயில். கோயில் சுவரில் மிச்சமிருக்கும் பார்வதி ஓவியத்தைப் பார்க்க எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருவார்கள். ஆனால் ஒரு ரேம் வாங்க வேண்டுமென்றால் ஊர்க்காரர்கள்தான் வெளியே போக வேண்டும். விழுப்புரத்தில் கம்ப்யூட்டர் கடைகள் இருக்கின்றன. கேமிங் பார்ட்ஸ் என்றால் புதுச்சேரி, இல்லையென்றால் சென்னை. 'கண்ணால பாக்காம 50,000 ரூபாய்க்கு நான் பொருள் வாங்க மாட்டேன்' என்று சித்தி சொன்னதால் ஆன்லைன் ஆர்டர் அப்போதே அடிபட்டுப்போனது.

யூடியூப் லிஸ்ட்டில் இருந்த ஓட்டை

தம்பி அனுப்பிய லிஸ்ட் இது: இன்டெல் ஐ3 12100எஃப் பிராசஸர், பழைய ஆர்எக்ஸ் 580 கிராபிக்ஸ் கார்டு, 8 ஜிபி ரேம், கலர் கலராக லைட் எரியும் கண்ணாடி கேபினெட், அதோடு இலவசமாக வரும் பவர் சப்ளை. மானிட்டரைக் காணோம்.

"மானிட்டர்?"

"ஹால்ல டிவி இருக்குல்லக்கா."

"சீரியல் நேரத்துல?"

பதில் வரவில்லை.

லிஸ்ட் முழுக்கவே முட்டாள்தனம் என்று சொல்ல மாட்டேன். கொடுக்கிற காசுக்கு அதிக ஃபிரேம் வேண்டும் என்ற கணக்கில் பார்த்தால், மலிவான பிராசஸரும் பழைய கார்டும் சேர்ந்த ஜோடி நல்ல ஜோடிதான். சென்னையில் இருந்து, தெரிந்த கடைக்காரர் ஒருவரும் இருந்தால் நானே ஒப்புக்கொண்டிருப்பேன். பிரச்னை, அந்த 'எஃப்' என்ற ஒற்றை எழுத்தில் இருக்கிறது. இன்டெல் பிராசஸர் பெயரின் முடிவில் 'எஃப்' இருந்தால், அதற்குள் கிராபிக்ஸ் வசதி கிடையாது. தனி கார்டு இருந்தால்தான் திரையில் படமே வரும். அந்தப் பழைய கார்டு ஒரு நாள் படுத்துவிட்டால், கேம் மட்டுமல்ல, காலேஜ் அசைன்மென்ட்டும் போச்சு. மொத்த கம்ப்யூட்டரும் ஒரு பழைய கார்டை நம்பி நிற்கும்.

ஏஎம்டி பக்கம் இது தலைகீழ். அங்கே எழுத்து இருந்தால் நல்லது. ரைசன் 5 5600 என்றால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை. ரைசன் 5 5600ஜி என்றால் இருக்கிறது. கடையில் அவசரத்தில் இந்த 'ஜி'யைக் கவனிக்காமல் வாங்கிவிட்டு, வீட்டில் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் நிறைய பேர்.

5600ஜி, 2021-ல் கடைகளுக்கு வந்த பிராசஸர். 6 கோர், 12 த்ரெட். பழசுதான். ஆனாலும், தனி கார்டு இல்லாமலே 'வேலரன்ட்' கேமை 1080பி திரையில், செட்டிங்கைக் குறைத்து வைத்தால் 100 ஃபிரேமுக்கு மேல் ஓட்டும். 'ஜிடிஏ 5' ஆடலாம். 'சைபர்பங்க் 2077' மாதிரி கனமான கேம்களில் திணறிவிடும், அதை மறைக்கக் கூடாது. நல்ல விஷயம் என்னவென்றால், ஒரு வருஷம் கழித்துக் காசு சேர்ந்ததும் கிராபிக்ஸ் கார்டை மட்டும் வாங்கிச் செருகிக்கொள்ளலாம். வேறு எதையும் மாற்ற வேண்டாம். புதிய தலைமுறையில் ரைசன் 5 8600ஜி இன்னும் வேகம்தான். அதற்கு டிடிஆர்5 ரேம் வேண்டும். ரேம் விலை தற்போது இருக்கும் நிலையில் அந்தப் பேச்சையே எடுக்க முடியாது. (அதற்கு வருகிறேன்.)

ஆக, நான் தம்பியிடம் சொன்னது இதுதான்: "கார்டை அப்புறம் வாங்கு. அது மத்த எல்லாத்தையும் தாங்குற மாதிரி முதல்ல வீட்டைக் கட்டு."

"கேமிங் பிசின்னு சொல்லிட்டு கார்டு இல்லாமயா? ஃபிரெண்ட்ஸ் சிரிப்பானுங்கக்கா."

"நீ என்ன ஆடுவ?"

"வேலரன்ட்... அப்பப்ப ஜிடிஏ. சிக்ஸ் வந்தா அதுவும்."

ஜிடிஏ 6-க்காக இப்போதே கம்ப்யூட்டர் கட்டும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு தகவல். அதன் வெளியீட்டுத் தேதி நவம்பர் 19, 2026 என அறிவிக்கப்பட்டிருக்கிறது. அதுவும் ப்ளே ஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் ஆகியவற்றுக்கு மட்டும். கம்ப்யூட்டருக்குத் தேதியே சொல்லவில்லை. ஜிடிஏ 5-ம் 2013-ல் கன்சோலுக்கு வந்து, 2015 ஏப்ரலில்தான் கம்ப்யூட்டருக்கு வந்தது. இல்லாத கேமுக்காக இருக்கிற காசைச் செலவழிக்க வேண்டாம்.

'அது சூதாட்டமா?'

நடுவில் சித்தப்பாவிடம் ஒரு விசாரணை நடந்தது. கேம் என்றதும் அவருக்கு நினைவுக்கு வந்தது ஆன்லைன் ரம்மி. பக்கத்து ஊரில் ஒருவர் அதில் நிலத்தை விற்றதாக அவர் கேள்விப்பட்டிருக்கிறார். பயம் நியாயமானது. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் கேம்களை மத்திய அரசு 2025 ஆகஸ்ட்டில் தனிச் சட்டம் போட்டுத் தடை செய்தது. தம்பி ஆடுவது அந்த வகை அல்ல. ஆனால், இவற்றிலும் துப்பாக்கிக்குப் புது டிசைன், கேரக்டருக்குப் புது உடை என்று காசு கேட்பார்கள். சித்தப்பாவின் யுபிஐ பின் நம்பர் மகனுக்குத் தெரியக் கூடாது என்பதோடு அந்த விசாரணை முடிந்தது. தெரியாது என்று அவன் சொன்னான். எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை.

மோகன்தாஸ் இல்லை சித்தி, நரசிங்கபுரம்!

ஒரு சனிக்கிழமை விடியற்காலை பஸ் பிடித்து விழுப்புரம் வந்து, ரயில் ஏறி, எழும்பூரில் இறங்கினார்கள் இருவரும். சித்தி கையில் புளிசாதம். நான் அழைத்துக்கொண்டு போனேன்.

அண்ணா சாலையிலிருந்து சிந்தாதிரிப்பேட்டை பக்கமாகத் திரும்பும் சந்துகள்தான் ரிச்சி ஸ்ட்ரீட். பெயர் ஒரு தெருவுக்குத்தான். ஆனால் நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு, மோகன்தாஸ் தெரு எல்லாம் சேர்ந்துதான் அந்த மார்க்கெட். ரேடியோ உதிரிப்பாகங்களில் ஆரம்பித்து, டேப் ரெக்கார்டர், டிவி, செல்போன் என்று காலத்துக்கு ஏற்பச் சரக்கு மாறிக்கொண்டே வந்த இடம். டெல்லி நேரு பிளேஸுக்கு அடுத்து நாட்டின் பெரிய எலெக்ட்ரானிக்ஸ் சந்தை என்று சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் திறக்காது, அன்றைக்கு வந்து ஏமாறாதீர்கள். வண்டியில் வருவதைவிட அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி நடப்பது உத்தமம்.

முதல் பாடம், முதல் கடையில் வாங்காதீர்கள். நாங்கள் ஐந்து கடைகளில் ஒரே லிஸ்ட்டைக் கொடுத்தோம். தனித்தனி பார்ட்ஸுக்கு ஒருவர் குறைவாகச் சொன்னால் இன்னொன்றில் ஏற்றியிருப்பார். மொத்தமாகப் பார்க்கும்போது கடைக்குக் கடை வித்தியாசம் வந்தது. கையில் போனை வைத்துக்கொண்டு அன்றைய ஆன்லைன் விலையையும் பக்கத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். கடைக்காரர்கள் கோபித்துக்கொள்வதில்லை. அவர்களும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

இரண்டாவது, ரேம். முதல் கடையில் விலை கேட்டதும் தம்பி முகம் தொங்கிவிட்டது. ஒரு வருஷத்துக்கு முன்பு 3,000 ரூபாய்க்குப் பக்கத்தில் கிடைத்த 16 ஜிபி டிடிஆர்4 ரேம், இப்போது அதுபோல இரண்டு, மூன்று மடங்கு. கடைக்காரர் மேல் தப்பில்லை. உலகத்து மெமரி சிப்களில் பெரும்பகுதியைத் தயாரிப்பவை சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என மூன்றே நிறுவனங்கள். ஏஐக்காகக் கட்டப்படும் டேட்டா சென்டர்கள் அந்தச் சிப்களை அள்ளிக்கொண்டு போகின்றன. நம்மைப் போன்றவர்கள் வாங்கும் 'குரூஷியல்' பிராண்ட் ரேமையே நிறுத்தப்போவதாக மைக்ரான் 2025 டிசம்பரில் அறிவித்துவிட்டது. சாட்ஜிபிடிக்கும் பனமலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், இதுதான்.

"அப்ப 8 ஜிபி போதும்" என்றாள் சித்தி. இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. தனி கார்டு இல்லாத கம்ப்யூட்டரில், கிராபிக்ஸுக்குத் தேவையான மெமரியும் இதே ரேமிலிருந்துதான் போகும். 8 ஜிபியில் கிராபிக்ஸுக்கு 2 ஜிபி கொடுத்துவிட்டால் விண்டோஸுக்கும் கேமுக்கும் மிச்சம் 6 தான். தம்பி காலேஜுக்காக ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ போடுவான். அது தனியாக மெமரி தின்னும். எனவே 16. அதையும் ஒரே 16 ஜிபி குச்சியாக வாங்காமல், 8 ஜிபி குச்சி இரண்டாக வாங்க வேண்டும். இரண்டு குச்சி போட்டால் பிராசஸருக்கும் ரேமுக்கும் நடுவே பாதை இரட்டிப்பாகும். உள்ளேயே கிராபிக்ஸ் இருக்கும் பிராசஸர்களில் இதனால் கேம் வேகம் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குக் கூடும். காசு போடாமல் கிடைக்கும் வேகம் இது ஒன்றுதான்.

சித்தி தூக்கிப் பார்த்த பெட்டி

அன்றைக்கு அதிக நேரம் எடுத்துக்கொண்டது பவர் சப்ளை. எஸ்எம்பிஎஸ் என்று கேட்டால்தான் சில கடைகளில் புரிகிறது. யூடியூபில் இதற்கு யாரும் பத்து வினாடிக்கு மேல் செலவழிப்பதில்லை. வெளியே தெரியாத, லைட் எரியாத ஒரு டப்பா. தம்பி ஆசைப்பட்ட கேபினெட்டோடு '500 வாட்' என்று பெரிய எழுத்தில் போட்ட பவர் சப்ளை இலவசமாக வந்தது. பக்கத்தில் பிராண்டட் 450 வாட், சுமார் 4,000 ரூபாய்.

"500 சும்மா தர்றாங்க. 450-க்கு ஏன் 4,000?" என்றான். கேள்வி சரிதானே?

சித்தி இரண்டையும் வாங்கி, இரண்டு கையிலும் வைத்துத் தூக்கிப் பார்த்தாள். பாத்திரக் கடையில் அண்டா வாங்கும்போது செய்வதுபோல. "இது தகரம்டா" என்று இலவசத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். கடைப் பையன் சிரித்துவிட்டான். ஆனால் அவள் செய்தது அசல் பரிசோதனை. உள்ளே இருக்க வேண்டிய டிரான்ஸ்ஃபார்மர், கெப்பாசிட்டர், ஹீட் சிங்க் எல்லாம் சின்னதாகவோ, இல்லாமலோ இருந்தால் எடை குறையும்.

எடையை நம்பாதவர்கள் ஸ்டிக்கரைப் படிக்கலாம். அதில் '+12வி' என்ற கட்டத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று இருக்கும். பிராசஸருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் போவது இந்த 12 வோல்ட் லைன்தான். ஆம்பியரை 12-ஆல் பெருக்குங்கள். நாங்கள் பார்த்த இலவச டப்பாவில் 16 ஆம்பியர். 12 x 16 = 192 வாட். வெளியே 500 என்று போட்டிருப்பதில் பாதிகூட இல்லை. பிராண்டட் 450 வாட்டில் 36 ஆம்பியர், அதாவது 432 வாட். பி.சி.ஏ படிக்கிற பையனுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

கிராமத்தில் இருப்பவர்கள் அதே ஸ்டிக்கரில் இன்னொரு வரியையும் பார்க்க வேண்டும். 'இன்புட்' என்ற இடத்தில் 200-240 வோல்ட் என்றிருக்கிறதா, 100-240 என்றிருக்கிறதா? பனமலையில் கோடைக்காலச் சாயங்காலங்களில் ஃபேன் முக்கிக்கொண்டு சுற்றும். அப்படி லோ வோல்டேஜ் ஆகும்போது, 200-க்குக் கீழே தாங்காத பவர் சப்ளை கம்ப்யூட்டரைத் தானாக ரீஸ்டார்ட் செய்துவிடும். 'கம்ப்யூட்டர்ல வைரஸ்' என்று நாம் மெக்கானிக்கைக் கூப்பிடுவோம். 100-240 போட்டிருந்தால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும். '80 பிளஸ் பிரான்ஸ்' சான்று இருப்பதாக வாங்கினால் இன்னும் நல்லது.

இதோடு யுபிஎஸ். 600 விஏ என்று விற்பது பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். இப்போதைக்கு அது போதும். ஆனால் நாளைக்கு கார்டு போடப்போகிறோம் என்றால் 1000 விஏ பக்கம் போவது நல்லது. யுபிஎஸ் இருக்கிறதே என்று கரன்ட் போன பிறகும் ஆடிக்கொண்டிருக்கக் கூடாது. சேவ் செய்து ஷட்டவுன் செய்ய அது தரும் அவகாசம் சில நிமிஷங்கள்தான். அதைவிட முக்கியம், எர்த். கேபினெட்டைத் தொட்டால் விரலில் சுருக்கென்று இழுக்கிறது என்றால், பிளக் பாயின்ட்டில் எர்த் சரியில்லை என்று அர்த்தம். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சரி செய்த பிறகுதான் 50,000 ரூபாய்ப் பொருளை அதில் செருக வேண்டும். சித்தி அன்றிரவே போன் போட்டு ஆளைச் சொல்லிவிட்டாள்.

பழைய கார்டு, பழைய சிபியு

மதியம் புளிசாதம் சாப்பிட்டபின், தம்பிக்குக் கடைசி ஆசை. பழைய கார்டு விற்கும் கடைக்குள் இழுத்துக்கொண்டு போனான். கண்ணாடிப் பெட்டியில் வரிசையாக ஆர்எக்ஸ் 580. 2017-ல் வந்த கார்டு. கிரிப்டோ காசு 'மைனிங்' செய்ய இந்த வகைக் கார்டுகளை இரவு பகலாக ஓட்டினார்கள். 2022 செப்டம்பர் 15-ம் தேதி எத்தீரியம் தன் முறையை மாற்றிக்கொண்டதும், கார்டு வைத்து எத்தீரியம் எடுக்கும் தொழில் ஒரே நாளில் முடிந்துபோனது. உலகம் முழுக்க அந்தக் கார்டுகள் துடைத்து, பளபளப்பாக்கி, சந்தைக்கு வந்தன.

மைனிங்கில் ஓடிய கார்டு எல்லாமே கெட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் எது எப்படி ஓடியது என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது. அதோடு, 580 என்ற பெயரிலேயே இரண்டு வகை இருக்கின்றன. அசலில் 2,304 ஸ்ட்ரீம் பிராசஸர்கள்; '2048எஸ்பி' என்று போட்டதில் 2,048 தான். விலை மட்டும் சில சமயம் ஒன்றாகவே இருக்கும். இதைவிட மோசம், பழைய கார்டின் மென்பொருளை மாற்றி வேறு பெயரில் காட்டுவது. 'ஜிபியு-இசட்' என்ற இலவச சாஃப்ட்வேரைப் போட்டுப் பார்த்தால் பல போலிகளைக் காட்டிக்கொடுத்துவிடும். பழைய கார்டு வாங்கியே ஆக வேண்டும் என்றால் கடையிலேயே கம்ப்யூட்டரில் போட்டு, ஒரு கேமை அரை மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்து வாங்குங்கள். 'டெஸ்டிங் வாரன்ட்டி' ஒரு வாரம் என்பார்கள். ஒரு வாரத்தில் இரண்டு முறை பனமலையிலிருந்து சென்னைக்கு வந்து போகும் செலவையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

அடுத்த வருஷம் புதிதாக வாங்கும்போது, 8 ஜிபி மெமரியோடு, 130 வாட் பக்கம் மின்சாரம் எடுக்கும் ஆர்எக்ஸ் 6600 போன்ற கார்டாக இருந்தால் இந்த 450 வாட் பவர் சப்ளையே போதும். விலை குறைவாக இருக்கிறதே என்று ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி பக்கம் போக வேண்டாம். அது பிராசஸரோடு நான்கே பாதையில் பேசும் கார்டு. 5600ஜியில் அந்தப் பாதையும் பழைய தலைமுறை என்பதால், வேகம் இன்னும் அடிபடும்.

இன்னொரு கடையில் ஆபீஸ்களிலிருந்து வந்த பழைய சிபியுக்கள் அடுக்கியிருந்தார்கள். ஐ5, நான்காம் தலைமுறை. விலை அடிமாட்டு விலை. காரணம், விண்டோஸ் 10-க்கான இலவச சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு நின்றுவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் பொதுவாக எட்டாம் தலைமுறையாவது வேண்டும். விண்டோஸ் 11-ல் வேலரன்ட் ஆட டிபிஎம் 2.0, செக்யூர் பூட் இரண்டும் கேட்கும். மொத்த பட்ஜெட்டே 15,000 தான் என்பவர்களுக்கு, எட்டாம் தலைமுறை ஆபீஸ் சிபியு ஒன்று கிடைத்தால் அது மோசமான முடிவு அல்ல. நான்காம் தலைமுறையை கேமுக்காக வாங்க வேண்டாம். இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் போட்டுக்கொள்ளலாமே என்று கேட்டால், நிறைய ஸ்டீம் கேம்கள் அதில் ஓடும். வேலரன்ட் மட்டும் ஓடாது.

கடைசியில் பையில் ஏறியது

முழு விலைப் பட்டியலைப் போட ஆசைதான். நீங்கள் இதைப் படிக்கும்போது அது பழசாகியிருக்கும். பங்கு எப்படிப் பிரிந்தது என்று மட்டும் சொல்கிறேன். 5600ஜி பிராசஸர், பி550 போர்டு இரண்டுக்கும் சேர்த்து, 50,000-ல் ஐந்தில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக. ரேமுக்குக் கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்கு. போன வருஷமாக இருந்தால் இந்த ரேம் வித்தியாசத்திலேயே நல்ல கீபோர்டும் ஹெட்செட்டும் வந்திருக்கும். 22 இன்ச், 100 ஹெர்ட்ஸ் மானிட்டருக்கு ஏழாயிரம் சொச்சம். 500 ஜிபி எஸ்எஸ்டி, பவர் சப்ளை, யுபிஎஸ் மூன்றும் தலைக்கு 4,000 பக்கம். ஜிடிஏ 5 மட்டுமே 100 ஜிபிக்கு மேல் இடம் பிடிக்கும் என்பதால் 256 ஜிபி எஸ்எஸ்டி வேண்டாம் என்று முடிவு செய்தோம். கேபினெட், கண்ணாடி அல்ல. முன்பக்கம் வலை போட்டது, காற்று போகும். சிமென்ட் ஷீட் போட்ட மாடி அறையில், மே மாதத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் கம்ப்யூட்டரை வைப்பது அதற்குச் செய்யும் பாவம். தம்பிக்கு அதில் வருத்தம்தான். 'ஒரு ஃபேனாச்சும் லைட் எரியுறது' என்று கெஞ்சினான். அதற்குச் சித்தி ஒப்புக்கொண்டாள்.

வாங்கும்போது நாங்கள் பிடிவாதமாகக் கேட்டு வாங்கியவை: ஜிஎஸ்டி பில், ஒவ்வொரு பார்ட்ஸின் சீரியல் நம்பரும் அதில் ஏற வேண்டும், எல்லா டப்பாக்களும் வேண்டும். 'பில் இல்லாம எடுத்துக்கோங்க, குறைச்சுத் தர்றேன்' என்று ஒரு கடையில் சொன்னார்கள். பிராசஸருக்கு மூன்று வருஷம் வாரன்ட்டி. 160 கிலோமீட்டர் தள்ளி இருப்பவர்களுக்கு அந்தப் பில்தான் பிடி. கடையிலேயே பூட்டி, திரை வருகிறதா, பயாஸில் 16 ஜிபி காட்டுகிறதா என்று ஓடவிட்டுப் பார்த்த பிறகுதான் பேக் செய்யச் சொன்னோம். பூட்டுவதற்குத் தனியாகக் கொஞ்சம் கேட்டார்கள், கொடுத்தோம். யூடியூப் பார்த்து வீட்டிலேயே பூட்டலாம்தான். ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும். ஆனால் ஏதாவது பார்ட்ஸ் வரும்போதே செத்திருந்தால் அது தெரிய வேண்டியது பனமலையில் அல்ல, ரிச்சி ஸ்ட்ரீட்டில்.

கேபினெட் டப்பாவைத் தம்பி தலையில் வைத்துக்கொள்ள, மானிட்டரைச் சித்தி இடுப்பில் வைத்துக்கொண்டாள். எழும்பூரில் ரயில் ஏற்றிவிட்டேன். விழுப்புரம் வரை அவள் உட்காரவே இல்லையாம். டப்பா மேல் யாராவது கால் வைத்துவிடுவார்கள் என்று.

ராத்திரி பத்து மணிக்கு போன். "அக்கா, ஸ்கிரீன் வரல!" எனக்கு வயிறு கலங்கியது. மானிட்டர் ஒயரை எங்கே செருகியிருக்கிறாய் என்று வீடியோ காலில் காட்டச் சொன்னேன். யுபிஎஸ்ஸில் மானிட்டர் பிளக்கையே செருகவில்லை.

மூன்று வாரம் ஆகிறது. வேலரன்ட் ஓடுகிறது. நண்பர்கள் கார்டு எங்கே என்று கேட்டார்களாம், 'தீபாவளிக்கு' என்று சொல்லிவிட்டானாம். சித்தப்பா வோல்டேஜ் குறையும்போதெல்லாம் மாடிக்கு வந்து ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்.

போன ஞாயிறு ஊருக்குப் போயிருந்தபோது அதில் 'வெண்பா' போட்டுக் கொடுத்தேன். கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்க் குடும்பத்தைப் பற்றிய சமையல் கேம். டொரான்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் உருவாக்கி 2023-ல் வெளியிட்டது. அடுத்த வருஷமே பாஃப்டாவில் சிறந்த அறிமுக கேம் விருது வாங்கியது. கார்டு ஏதும் தேவையில்லாத கேம். தம்பி இட்லித் தட்டுகளை அடுக்கித் தோற்றுக்கொண்டிருந்தான். பின்னால் நின்று பார்த்த சித்தி, கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"தட்ட மாத்தி வைக்கிற பாரு. ஓட்டைய அடைச்சா ஆவி எப்டிடா மேல வரும்? தள்ளு. எத அமுக்கணும் சொல்லு."